மேற்கல்லும் கீழ்க்கல்லும்: சாலைக் கற்காரையில் எளிய கற்களுக்கு உரிய இடம்



மொழி மன்றத்தின் பொழிவு மேடையில் கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இலக்கணமும் இலக்கியமும் ஒலித்த மேடையில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். இந்நாட்டின் சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களில், மண் சுமந்தவர்களில், தார் காய்ச்சியவர்களில் தமிழ் பேசியோர் பெருந்தொகையினர். அவர்கள் கையில் கல் இருந்தபோது அவர்கள் நாவில் அக்கல்லுக்குரிய சொல்லும் இருந்தது. அச்சொற்களைக் கொண்டே இன்றைய பொறியியல் வினா ஒன்றை நம்மால் தெளிவாகப் பேச முடியும் என்பதே இவ்வுரைக்கான துணிவு.

வினா இதுதான். சாலைக்கான கற்காரையில் தரம் குறைந்த கல்லைச் சேர்க்கலாமா? கேட்டவுடன் ‘கூடாது’ என்றே நாம் சொல்வோம். தரம் குறைந்த பொருளால் ஆன சாலைகளைப் பார்த்துச் சலித்தவர்கள் நாம். எனினும், நல்ல கருங்கல் ஒவ்வொரு கூடையும் ஏதோ ஒரு குன்றிலிருந்து பெயர்க்கப்படுகிறது. பெயர்த்த குன்று மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, வல்ல கல் எங்கே கட்டாயம் வேண்டும், எளிய கல் எங்கே போதும் என்று பிரித்தறிய வேண்டிய காலம் இது.

சொல்லும் பொருளும்

கான்கிரீட் என்பதைத் தமிழில் கற்காரை என்கிறோம். கல்லும் காரையும் சேர்ந்தது கற்காரை. பெயரிலேயே பொருளின் அமைப்பு இருக்கிறது. காரை என்பது சிமெண்டும் நீரும் மணலும் சேர்ந்த பசை. கல் என்பது அப்பசைக்குள் பதிந்து கிடக்கும் சல்லி. மணலையும் சல்லியையும் ஒருங்கே கணக்கிட்டால், கற்காரையின் கன அளவில் அவை ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு வரை வரும். சிமெண்டின் பெயரையே நாம் பெரிதாகச் சொல்கிறோம். பளுவின் பெரும்பகுதியைச் சுமப்பதோ கல்.

அக்கல்லுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. உடைத்த கல் சல்லி. அளவுக்கேற்ப ஒன்றரைச் சல்லி, முக்கால் சல்லி, அரைச் சல்லி எனத் தமிழகக் கொத்தனார்கள் பிரிப்பர். முக்கால் சல்லி என்பது 20 மில்லிமீட்டர் கல். ஆற்றிலும் மேட்டிலும் கிடைக்கும் உருண்டைக் கல் சரளை. சாலையில் பரப்பி இறுக்கும் கல் கப்பி. செம்மண் இறுகிக் கல்லானது செம்பூராங்கல். மலாயாவுக்கு வந்தவர்கள் சாலையைச் சடக்கு என்றார்கள். தோட்டத்துக்குள் ஓடியது செம்மண் சடக்கு. இப்பெயர்களுள் எதுவும் ‘தரம் குறைந்த கல்’ என்று எதையும் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றும் கல்லின் அளவையோ பிறப்பையோ பணியையோ சொல்கிறது.

நம் காலடியில் உள்ள கற்கள்

நாம் கூடியிருக்கும் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே இவ்வூரின் பெயராயிற்று என்பர். இங்கிருந்து சிறிது தொலைவு சுற்றி வந்தாலே கல்லின் பல இனங்களைக் காணலாம்.

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குவாரிகள் பெரும்பாலும் இக்கருங்கல்லையே உடைத்துத் தருகின்றன. கோலாலம்பூர் நகரின் நடுப்பகுதிக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல்; அதே இனத்தின் தலை வெளியே தெரியும் இடம் பத்துமலை. அம்மலையைச் சுற்றியும் ஒரு காலத்தில் கல் உடைக்கப்பட்டு, பின்னர் அப்பணி நிறுத்தப்பட்டது. நகரின் மேற்கே புக்கிட் துங்கு, பங்சார் பக்கத்து மேடுகளில் மணற்கல்லும் களிக்கல்லும் உருமாறிய படிவம் உண்டு. புக்கிட் துங்குவின் பழைய பெயரைக் கொண்டு புவியியலார் அதைக் கென்னி ஹில் படிவம் என்பர். அதில் கடினமான குவார்ட்சைட்டும் கையால் நொறுக்கக்கூடிய பில்லைட்டும் மாறிமாறி வருகின்றன. இவற்றின் மேல் போர்வையாகச் செம்மண்ணும் செம்பூராங்கல்லும் உள்ளன.

பங்சாருக்கு அண்டையிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளால் பெயர் பெற்றது. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் மரமும் அத்தாப்பும் கொண்ட கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைக் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். யாப் ஆ லோய் இங்குச் சூளை அமைத்தார். செம்பூராங்கல்லின் ஆங்கிலப் பெயரும் செங்கல்லோடு தொடர்புடையது. பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அக்கல்லைக் கண்டு, செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 1807இல் லாட்டரைட் எனப் பெயரிட்டார். மண்ணாக வெட்டி வெயிலில் இறுகியபின் வீடு கட்டும் வழக்கத்தைப் பார்த்தே அப்பெயர் வைத்தார்.

கருங்கல், சுண்ணாம்புக்கல், பில்லைட், செம்பூராங்கல், உடைந்த செங்கல் என்று வரிசைப்படுத்தினால், சாலைப் பொறியாளர் பொதுவாக முதலாவதைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை ஒதுக்குவார். அந்த ஒதுக்குதல் எந்த அளவுக்குச் சரி என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பாளத்தின் மேலும் கீழும்

நம் நாட்டில் பெரும்பாலான சாலைகள் தார்ச்சாலைகள். எனினும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் சில பகுதிகள் கற்காரையால் ஆனவை. பளு மிகுந்த வண்டிகள் நின்று புறப்படும் இடங்களிலும் கற்காரையே விரும்பப்படுகிறது.

தார்ச்சாலை வண்டியின் பளுவை அடுக்கடுக்காகக் கீழே கடத்துகிறது. கற்காரைச் சாலையோ ஒரு பாளம். பளு வந்ததும் அது சிறிதளவு வளைந்து, பளுவைப் பரந்த இடத்தில் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே பாளத்துக்கு வளைவைத் தாங்கும் வலிமை வேண்டும். அது பாளம் முழுமைக்கும் உரிய தேவை. அதன் மேற்பரப்புக்கு மட்டும் மற்றொரு தேவை உண்டு. டயர்கள் நாள்தோறும் உரசும் இடம் அது. அங்குள்ள கல் தேயக் கூடாது. தேய்ந்தாலும் வழவழப்பாகக் கூடாது. மழையில் டயருக்குப் பிடிப்புத் தர வேண்டும். பாளத்தின் ஆழத்தில் கிடக்கும் கல்லை எந்த டயரும் தொடுவதில்லை.

தர அளவைகளும் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளன. கல்லின் தேய்மானத்தை அளக்க லாஸ் ஏஞ்சலீஸ் சோதனை என ஒன்று உண்டு. இரும்புப் பீப்பாய் ஒன்றில் கல்லையும் எஃகு உருண்டைகளையும் இட்டுப் பல நூறு முறை சுழற்றுவர். எத்தனை விழுக்காடு பொடியாகிறது என்று சலித்துப் பார்ப்பர். இந்தியத் தர அளவையான ஐ.எஸ். 383, தேய்மானத்துக்கு ஆளாகும் பரப்புக்கு உரிய கல்லில் இந்த இழப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏனைய கற்காரைக்கு 50 விழுக்காடு வரை ஏற்கிறது. 40 விழுக்காடு பொடியாகும் ஒரு கல் சாலையின் முகத்தில் தகாதது, உள்ளே தக்கது. கல் ஒன்றே, இடம் மாறியதும் தீர்ப்பு மாறுகிறது.

இதை அடிப்படையாகக் கொண்டதே ஈரடுக்குக் கற்காரைச் சாலை. கீழே கனத்த அடுக்காக எளிய கல்லால் ஆன கற்காரையைப் பரப்புவர். அது இறுகுமுன், ஈரத்தின் மேல் ஈரமாக, வல்ல கல்லால் ஆன மெல்லிய அடுக்கை இடுவர். இரண்டும் பிணைந்து ஒரே பாளமாகும். புதுமைபோல் தோன்றும் இம்முறை உண்மையில் பழையது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் பெல்பொன்டைன் என்னும் சிற்றூரில் 1891இல் ஜார்ஜ் பார்த்தலமியூ இட்ட கற்காரைத் தெருவே ஈரடுக்காக அமைந்தது. குதிரைகளின் இரும்பு லாடத்தைத் தாங்க மேலடுக்குக்கு வல்ல கல் வேண்டியிருந்தது. அக்காலத்துக் கற்காரைத் தெரு அவ்வூரில் இன்றும் காணக்கிடைக்கிறது.

ஆஸ்திரியா நாட்டில் 1990ஆம் ஆண்டளவில் தொடங்கி இம்முறை பெரிய அளவில் கைக்கொள்ளப்பட்டது. வியன்னாவையும் சால்ஸ்பர்க்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை பழுதானபோது, பழைய கற்காரையை உடைத்து அதையே கீழடுக்குக்குச் சல்லியாக்கினர். மேலே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் புதிய வல்ல கல். பழைய சாலையே புதிய சாலையின் குவாரியாயிற்று.

சுண்ணாம்புக்கல் தரும் பாடம்

இனி நம் பத்துமலையின் இனமான சுண்ணாம்புக்கல்லுக்கு வருவோம். சாலையின் முகத்தில் இக்கல் விரைவில் வழவழப்பாகும். கோயில் படியில் காலங்காலமாகக் கால்பட்ட இடம் மினுங்குவதுபோல, டயர் பட்ட கல் மினுங்கும். மழை மிகுந்த நம் நாட்டில் அந்த மினுக்கம் உயிருக்கு ஊறு விளைவிக்கும். ஆகவே மேற்பரப்புக்கு அது தகாது.

அதே கல்லைப் பாளத்தின் உள்ளே வையுங்கள். பகலில் வெயில்பட்டுப் பாளத்தின் மேற்பகுதி விரிகிறது. கீழ்ப்பகுதி குளிர்ந்தே இருக்கிறது. பாளம் முதுகு தூக்குகிறது. இரவில் நிலைமை தலைகீழாகி மூலைகள் மேலெழுகின்றன. இவ்வாறு நாள்தோறும் நிகழும் வளைவும் நிமிர்வும் விரிசலுக்கு ஒரு காரணம். விரிவு எவ்வளவு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது சல்லியின் இனமே. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால், சுண்ணாம்புக்கல் கற்காரை பத்து இலட்சத்தில் சுமார் 8 பங்கு நீளும். குவார்ட்சைட் கற்காரை சுமார் 12 பங்கு நீளும். 5 மீட்டர் நீளமுள்ள பாளம் 20 பாகை சூடேறினால் முன்னது 0.8 மில்லிமீட்டரும் பின்னது 1.2 மில்லிமீட்டரும் நீளும் என்று மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நகத்தின் கனமே உள்ள வேறுபாடு. ஆயினும் அது ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் திரும்பத் திரும்ப வருகிறது.

சாலையின் முகத்தில் தோற்ற சுண்ணாம்புக்கல், அதன் வயிற்றில் குவார்ட்சைட்டை வெல்கிறது. கடினம் என்பது கல்லின் ஒரு பண்பு. அதுவே முழுத் தரம் ஆகாது.

இதன் மறுபுறத்தை உலகுக்குக் காட்டியவர் கலிபோர்னியாவின் பொறியாளர் தாமஸ் ஸ்டாண்டன். வலிமை குறையாத கல்லால் கட்டிய கற்காரையும் சில ஆண்டுகளில் வலைபோல் விரிசல் விடுவதை ஆராய்ந்து, அவர் 1940இல் காரணத்தை வெளியிட்டார். சில கற்களில் உள்ள ஓப்பல் போன்ற சிலிக்கா, சிமெண்டிலுள்ள காரத்தோடு வினைபுரிந்து ஒரு களியை உண்டாக்குகிறது. அக்களி நீரை உறிஞ்சி வீங்கிக் கற்காரையை உள்ளிருந்து பிளக்கிறது. பார்வைக்கு உறுதியான கல்லும் உள்ளே பகையாக அமையக்கூடும் என்பது இதனால் தெரிந்தது.

பழைய கற்காரை, செங்கல், செம்பனை ஓடு

நம் நகரங்களில் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்புவது ஓய்வதில்லை. அந்த இடிபாட்டை உடைத்துச் சல்லியாக்கினால், ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய காரை ஒட்டியிருக்கும். அக்காரை நுண்துளை மிகுந்தது. நல்ல கருங்கல் தன் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீர் குடிக்கும்போது, உடைத்த கற்காரை அதைப்போல் பல மடங்கு குடிக்கும். கலக்கும் வேளையில் அது நீரை உறிஞ்சிவிட்டால் கலவை வறண்டு போகும். முன்கூட்டியே நனைத்து வைப்பது இதற்கு எளிய மருந்து. ஐ.எஸ். 383 அளவையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு இத்தகைய சல்லிக்கு இடம் தந்துள்ளது. கம்பியில்லாத கற்காரையில் 25 விழுக்காடு வரையும், வலிமை மிகுதியாக வேண்டாத மெலிந்த கற்காரையில் 100 விழுக்காடு வரையும் சேர்க்கலாம் என்கிறது.

உடைந்த செங்கல்லும் சல்லியே. வங்காளத்தின் கழிமுகச் சமவெளியில் பாறை கிடையாது. அங்கே நன்கு வெந்த செங்கல்லை உடைத்தே சாலைக்கும் கற்காரைக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றனர். தமிழகத்திலும் மொட்டை மாடியில் செங்கல் சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தளம் போடும் வழக்கம் உண்டு. கல்லற்ற நிலத்தார் கல்லைத் தொலைவிலிருந்து சுமப்பதற்கு மாறாக மண்ணைச் சுட்டுக் கல்லாக்கினர்.

நம் நாட்டுக்கே உரிய சல்லி ஒன்று உண்டு. அது செம்பனைக் கொட்டையின் ஓடு. எண்ணெய் ஆலையின் ஓரத்தில் குவியும் அந்த ஓட்டைத் தோட்டப் பாதைகளில் பரப்புவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மலேசிய ஆய்வாளர்கள் 1980களிலிருந்து அதைக் கற்காரையில் சேர்த்துச் சோதித்து வருகின்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இவ்வாய்வுகள் நடந்துள்ளன. சாதாரணக் கற்காரையின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. செம்பனை ஓட்டுக் கற்காரை 2,000 கிலோவுக்கும் குறைவு. மோதல் சோதனையில் அந்த ஓடு கருங்கல்லைவிடக் குறைவாகவே நொறுங்குகிறது. இந்த ஒரு சோதனையை மட்டும் பார்ப்பவர் ஓடே மேல் என்று முடிவு செய்துவிடலாம். விறைப்பை அளந்தால் படம் மாறும். ஓட்டுக் கற்காரையின் விறைப்பு சாதாரணக் கற்காரையின் விறைப்பில் பாதிக்கும் குறைவாக இருப்பது வழக்கம். அது நீரையும் மிகுதியாகக் குடிக்கும். ஆகவே நடைபாதைக்கும் சுமை குறைந்த தளத்துக்கும் அது பொருந்தலாம். கொள்கலன் லாரிகள் ஓடும் பாளத்துக்கு அதை நம்ப முடியாது.

எங்கே கூடாது

எளிய கல்லுக்கு இடம் உண்டு என்று நாம் கூறுவது எக்கல்லும் எங்கும் செல்லும் என்பதாகிவிடாது. களிமண் போர்த்திய கல்லைக் காரை பற்றாது. கையால் நசுங்கும் பில்லைட்டும் மண் கலந்த செம்பூராங்கல்லும் பாளத்துக்குள் வரக் கூடாது. இடிபாட்டுச் சல்லியில் மரத்துண்டோ, கண்ணாடியோ, ஜிப்சமோ கலந்திருந்தால் பின்னாளில் கற்காரை கெடும். எஃகு ஆலைக் கசடு வலிமை மிக்கது, எனினும் அதில் எஞ்சிய சுட்ட சுண்ணாம்பு நீர்பட்டு வீங்கும், பதப்படுத்தாமல் சேர்க்கலாகாது.

சிக்கனமும் கணக்கோடு அமைய வேண்டும். கல் எளியது என்பதற்காகச் சிமெண்டைக் கூட்டி வலிமையை ஈடு செய்தால், கல்லில் மிஞ்சியது சிமெண்டில் போய்விடும். சிமெண்டு சுடும்போது எழும் கரியமில வாயுவும் கூடும். ஈரடுக்குச் சாலைக்கு இரண்டு கலவை வேண்டும். பரப்பும் பணியும் இரட்டிப்பு. நீண்ட நெடுஞ்சாலைக்கு அது கட்டுபடியாகும். ஒரு சிறு சந்துக்குக் கட்டுபடியாகாது. சந்துக்கு உரிய வழி, கருங்கல்லில் ஒரு பகுதியை மட்டும் சோதித்த எளிய கல்லால் மாற்றுவது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எளிய கல்லை அறிந்து, அளந்து, எழுதி வைத்து, உரிய இடத்தில் இடுவது பொறியியல். வல்ல கல்லுக்குப் பணம் பெற்றுக்கொண்டு எளிய கல்லை மறைத்து இடுவது களவு. இரண்டிலும் கல் ஒன்றாக இருக்கலாம். எழுதி வைத்த ஏடு முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. அதுபோலவே, நகரத்துச் சாலைக்கு வல்ல கல்லும் தோட்டத்துச் சாலைக்கு மிச்சமும் என்று பிரிப்பதும் நம் கருத்தாகாது. இடம் என்று நாம் சொல்வது பாளத்தின் மேலையும் கீழையும் வண்டியின் பளுவையும்தான். அச்சாலையில் நடப்பவர் யார் என்பதை அன்று. செம்மண் சடக்கில் சேறு மிதித்துப் பள்ளிக்குப் போன தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு துண்டுக் கருங்கல், ஒரு துண்டுச் செங்கல், உடைந்த கற்காரைத் துண்டு ஆகிய மூன்றையும் மாணவர்களிடம் கொடுங்கள். நன்கு உலர்த்தி எடை போடச் சொல்லுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, துணியால் துடைத்து, மீண்டும் எடை போடச் சொல்லுங்கள். 500 கிராம் செங்கல் 575 கிராம் ஆனால் அது குடித்த நீர் 15 விழுக்காடு என்று அவர்களே கணக்கிடட்டும். அடுத்து, இம்மூன்றையும் சாலையின் எந்த ஆழத்தில் வைக்கலாம் என்று தமிழில் வாதிடச் சொல்லுங்கள். அறிவியலும் கணிதமும் மொழியும் ஒரே மேசையில் கூடும்.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டு முதியோர் சாலைக்கும் கல்லுக்கும் கல் உடைக்கும் கருவிக்கும் என்னென்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அகராதியில் இல்லாத சொல்லும் அதில் கிடைக்கலாம். கருங்கல் குன்றைக் காப்பதுபோல் அச்சொற்களையும் காக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அடுத்த முறை கற்காரைச் சாலையில் செல்லும்போது, கண்ணுக்குத் தெரியும் கல்லை மட்டும் எண்ணாதீர்கள். அதற்குக் கீழே, எவர் கண்ணிலும் படாமல் பளுவைப் பகிர்ந்துகொண்டிருக்கும் கல்லையும் எண்ணிப் பாருங்கள். அக்கல் எங்கிருந்து வந்தது, அதை யார் சோதித்தார், அதன் பெயர் எந்த ஏட்டில் உள்ளது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் உள்ள நாட்டில் சாலையும் நிலைக்கும், குன்றும் நிலைக்கும்.